கேள்வி ஆங்கிலத்தில், கற்றது தமிழில்: கேரள எல்லைக் கல்லூரிகளில் எதை அளக்கிறது தேர்வு?

புதுதில்லி: கல்லூரி மாணவர் உண்மையில் எவ்வளவு கற்றிருக்கிறார் என்பதை எப்படி அளப்பது? உயர்கல்வித் துறையில் கடந்த சில ஆண்டுகளாக அதிகம் பேசப்படும் கேள்வி இதுதான். இதற்கென ஆசிரியர்களைத் தயார்செய்யும் பயிற்சி மாநாடுகளும் பட்டறைகளும் நாடெங்கும் நடத்தப்பட்டு வருகின்றன. வினாத்தாள் தயாரிப்பது எப்படி, அகமதிப்பீட்டைப் பதிவு செய்வது எப்படி, கற்றல் விளைவுகளை அட்டவணையில் ஏற்றுவது எப்படி என்றெல்லாம் அங்கே விளக்கப்படுகிறது. மாணவர் எந்த மொழியில் சிந்தித்து எந்த மொழியில் விடை எழுதுகிறார் என்பது மட்டும் பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுவதில்லை.

இது நிகழ்ச்சி நிரலில் விடுபட்டுப் போன ஒரு சிறு அம்சமாகத் தோன்றலாம். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடிப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை, பிள்ளை பட்டம் பெறுவானா, பாதியில் நிற்பானா என்பதைத் தீர்மானிப்பதில் இந்த அம்சத்துக்கும் பங்கு உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 5 லட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் இது ஒன்றரை சதவீதம் அளவே. ஆனால் இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டப் பகுதிகளிலும் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பஞ்சாயத்துகளிலும் நிலைமை வேறு; அங்கே கடைவீதியின் மொழி தமிழ். அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்புகள் உள்ளன. கேரளத்தின் எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய 4 மொழிகளில் அச்சிடப்படுகிறது. ஆண்டுதோறும் தேர்வு எழுதும் 4 லட்சத்துக்கும் அதிகமானோரில் தமிழ்வழி மாணவர்கள் மிகச் சிறு பகுதியினரே என்றாலும், அவர்களுக்கென வினாத்தாள் தனியே அச்சாகிறது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். பல மாநிலங்கள் தங்கள் மொழிச் சிறுபான்மையினருக்கு இந்த அளவுக்குக்கூடச் செய்வதில்லை.

அதே மாணவர் கல்லூரி வாசலை மிதித்த மறுநாள் நிலைமை தலைகீழாகிறது. மொழிப்பாடங்கள் நீங்கலாகப் பெரும்பாலான பாடங்களின் வினாத்தாள் ஆங்கிலத்தில் வருகிறது. வகுப்பறையில் ஆசிரியர் ஆங்கிலத்தில் தொடங்கி, விளங்காத இடத்தில் மலையாளத்துக்கு மாறுகிறார். மலையாளவழியில் படித்து வந்த மாணவருக்கு அந்த விளக்கம் ஊன்றுகோல். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு அது இரண்டாவது தடை.

டாக்டர் ராதாகிருஷ்ணன் காலம் தொட்டு

தேர்வுச் சீர்திருத்தம் இந்நாட்டில் புதிய பேச்சன்று. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைத்தான் பரிந்துரைக்கலாம் என்றால் அது தேர்வுமுறையைப் பற்றியதாகவே இருக்கும் என்று 1948-49-ம் ஆண்டு டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு சொன்னது. "டாக்சானமி" எனப்படும் கற்றல் நோக்கங்களின் படிநிலையை 1956-ல் வெளியிட்ட அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம், அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே இந்தியாவுக்கு அழைக்கப்பட்டு, வினாத்தாள் அமைப்பது பற்றி ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம்களை நடத்தினார். அதன் தொடர்ச்சியாக 1958-ல் மத்தியத் தேர்வுப் பிரிவு அமைக்கப்பட்டது. இன்று கல்லூரி ஆசிரியர்கள் புதிதாகக் கேட்பதுபோல் கேட்கும் பல பாடங்கள், ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் நடத்தப்பட்டவைதாம். 1964-66-ல் கோத்தாரி குழுவும் இதே பல்லவியைப் பாடியது.

பின்னர் வேகம் கூடியது. 2009-ல் கேரளப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளில் பருவமுறையும் தரமதிப்பீடும் அறிமுகமாயின. பொறியியல் கல்விக்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-ல் இந்தியா நிரந்தர உறுப்பினரானதும், "விளைவு சார்ந்த கல்வி" என்ற சொற்றொடர் பொறியியல் கல்லூரிகளுக்குள் நுழைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் பரவியது. யு.ஜி.சி. 2019-ல் மதிப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை அதற்கு மேலும் அழுத்தம் கொடுத்தது. 2023 செப்டம்பரில் மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டு, பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே இயங்கிவந்த மனிதவள மேம்பாட்டு மையங்கள் அதன்கீழ் கொண்டுவரப்பட்டன.

கேரளத்தில் 2024 ஜூலை 1-ம் தேதி நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. மத்திய அரசின் கல்விக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்த இடதுசாரி அரசே, தனக்கென ஒரு பாடத்திட்டச் சட்டகத்தை வகுத்துக்கொண்டு அதைச் செயல்படுத்தியது. அதற்காக மாநில உயர்கல்வி மன்றமும் பல்கலைக்கழகங்களும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம்கள் நடத்தின. பாலக்காடு மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள கோழிக்கோடு பல்கலைக்கழகத்திலும், இடுக்கி மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்திலும் முன்பு 20-க்கு 80 என்றிருந்த அக, புற மதிப்பீட்டு விகிதம், புதிய படிப்பில் 30-க்கு 70 என்றானது. பார்க்கப்போனால் வெறும் பத்து மதிப்பெண் இடமாற்றம். எல்லைப் பகுதி மாணவருக்கு அது எவ்வளவு பெரிது என்பதைப் பின்னர் காண்போம்.

வினைச்சொல்லில் தொடங்கும் சிக்கல்

விளைவு சார்ந்த மதிப்பீட்டின் இயங்குமுறை எளிமையானது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு "விளைவுகள்" எழுதப்படுகின்றன. இந்தப் பாடத்தை முடித்த மாணவர் இன்னின்னதைச் செய்ய வல்லவராவார் என்பது அதன் பொருள். வினாத்தாளின் ஒவ்வொரு வினாவும் ஏதேனும் ஒரு விளைவோடு இணைக்கப்படுகிறது. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என்ற படிகளில் அந்த வினா எதில் நிற்கிறது என்பதும் குறிக்கப்படுகிறது. விடைத்தாள் திருத்தப்பட்ட பின், எத்தனை மாணவர்கள் எந்த விளைவை எட்டினர் என்று கணக்கிடப்படுகிறது. எட்டாத இடத்தில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று ஆசிரியர் எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். தரமதிப்பீட்டுக் குழுவான "நாக்" கல்லூரிக்கு வரும்போது அந்தக் கோப்பு மேசைக்கு வரும்.

இந்தப் படிநிலை முழுவதும் ஆங்கில வினைச்சொற்களின் மேல் கட்டப்பட்டது. "லிஸ்ட்" என்றால் கீழ்ப்படி. "எக்ஸ்பிளெய்ன்" அதற்கு மேல். "அனலைஸ்", "கிரிட்டிகலி எக்ஸாமின்" என்பவை இன்னும் மேல். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர் இந்தச் சொற்களைத் தேர்ந்தெடுப்பதிலேயே பயிற்சி முகாமின் கணிசமான நேரம் செலவாகிறது. பத்தாம் வகுப்பு வரையிலும், சிலர் பிளஸ் டூ வரையிலும் தமிழ்வழியில் படித்து வந்த மாணவருக்கோ, "எக்ஸ்பிளெய்ன்" என்பதற்கும் "கிரிட்டிகலி எக்ஸாமின்" என்பதற்கும் இடையே தேர்வாளர் எதிர்பார்க்கும் வேறுபாடு புலப்படுவதில்லை. இரண்டுக்கும் அவர் தெரிந்ததை எல்லாம் எழுதிவைக்கிறார்.

பொருளாதார மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விலை ஏறினால் உப்பின் விற்பனை ஏன் குறைவதில்லை, ஏலக்காயின் விற்பனை ஏன் குறைகிறது என்பதை அவர் தமிழில் தெளிவாக விளக்குவார். ஏலத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு விலையின் ஏற்ற இறக்கம் பாடநூலில் மட்டும் படித்த செய்தியாக இருக்காது. தேவை நெகிழ்ச்சி என்ற கருத்து அவருக்கு விளங்கியிருக்கிறது. அதைப் பகுத்தாயவும் அவருக்குத் தெரியும். ஆனால் ஆங்கில வாக்கியத்தில் அந்தப் பகுப்பாய்வை அவரால் கட்ட முடியவில்லை. மனப்பாடம் செய்த இலக்கணத்தை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறார். அவர் "நினைவுகூர்தல்" என்ற முதற்படியில் நின்றுவிட்டதாக அட்டவணை சொல்லும். அதற்கான நடவடிக்கையாகப் பொருளாதாரத்தில் குறைதீர் வகுப்பு நடத்தப்படும். அவருக்குக் குறை பொருளாதாரத்தில் இல்லை.

மதிப்பீட்டியல் அறிஞர்கள் இதை நன்கு அறிவர். அளக்க வேண்டிய திறனோடு தொடர்பில்லாத வேறொரு காரணி மதிப்பெண்ணுக்குள் புகுந்துவிடுவது அவர்களின் துறையில் அடிப்படைப் பிழையாகக் கருதப்படுகிறது. ஆங்கிலத்தை அளக்கும் தேர்வில் ஆங்கிலம் குறைந்தால் மதிப்பெண் குறைவது நியாயம். வரலாற்றையோ விலங்கியலையோ அளக்கும் தேர்வில் அப்படி நேர்ந்தால் அளவுகோலில் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

சராசரியில் மறையும் பத்துப் பேர்

புதிய முறை இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்க்கலாம். நடப்பது வேறு. கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். ஒரு வகுப்பில் 60 மாணவர்கள். அவர்களில் 10 பேர் தமிழ்வழியில் வந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீத மாணவர்கள் குறைந்தது 50 சதவீத மதிப்பெண் பெற்றால் விளைவு எட்டப்பட்டதாகக் கொள்ளலாம் என்று கல்லூரி இலக்கு வைக்கிறது. அதற்கு 36 பேர் போதும். மற்ற 50 பேரில் 40 பேர் அந்த அளவை எட்டிவிட்டால், தமிழ்வழி மாணவர் பத்துப் பேரும் தவறினாலும் வகுப்பின் விகிதம் 66 சதவீதத்தைத் தாண்டும். விளைவு எட்டப்பட்டது என்று அட்டவணை பச்சைக் கொடி காட்டும். பத்துப் பேரும் ஒரே ஊர்ப்பக்கத்திலிருந்து, ஒரே மொழிவழியிலிருந்து வந்து ஒரே காரணத்தால் தவறினார்கள் என்பது எந்தக் கட்டத்திலும் பதிவாகாது.

கல்லூரி அளவில் மறைந்தது தேசிய அளவில் வெளிப்படவும் வழியில்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு அறிக்கைகளில் பாலினம், சாதிப் பிரிவு, சமயச் சிறுபான்மை வாரியான எண்ணிக்கைகள் உண்டு. தாய்மொழி வாரியான அட்டவணை கிடையாது. 2021-22 அறிக்கையின்படி உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தேசிய அளவில் 28.4 சதவீதமாக இருந்தபோது கேரளத்தில் 41.3, தமிழ்நாட்டில் 47. இரண்டு மாநிலங்களும் பெருமைப்பட்டுக்கொள்ளும் எண்கள் இவை. இரண்டுக்கும் நடுவே, கொழிஞ்சாம்பாறையிலும் வண்டிப்பெரியாற்றிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளின் விகிதம் என்ன என்பதற்கு இந்த அறிக்கைகளில் விடை இல்லை. பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போடிக்கும் கம்பத்துக்கும் எல்லை தாண்டிப் படிக்கச் செல்வோர் தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றனர். எல்லையைத் தாண்டி அனுப்பிப் படிக்கவைக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தாம் உள்ளூர்க் கல்லூரியை நம்பியிருப்பவர்கள்.

அந்த உள்ளூர்க் கல்லூரிகளின் நிலையும் ஒரே மாதிரி இல்லை. 1947-ல் தொடங்கப்பட்ட சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை உண்டு. முதுநிலை வரை தமிழ் படிக்கலாம். மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்த ஊர் இதே சித்தூர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இரண்டு மொழிகளும் அங்கே ஒன்றையொன்று உறுத்தாமல் வாழ்ந்து வந்துள்ளன. மூணாறு அரசுக் கல்லூரியின் கதை சோகமானது. 2018 ஆகஸ்ட் மழையின்போது நிலச்சரிவில் அதன் கட்டடம் இடிந்தது. தற்காலிக இடங்களில் வகுப்பு நடத்திய ஒரு கல்லூரியிடம் விளைவு அட்டவணைகளைக் கேட்பதில் உள்ள முரண் தில்லிக் கூட்ட அறைகளில் உணரப்படுவதில்லை. 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி பெட்டிமுடி நிலச்சரிவில் 70 உயிர்கள் போயின. மாண்டவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். படிப்பு ஒன்றே மலையை விட்டு இறங்க வழி என்று அந்தக் குடும்பங்கள் நம்புவதை யாரும் குறைகூற முடியாது.

இதற்கும் அடியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. அட்டப்பாடியின் இருளர், முதுகர், குறும்பர் வீடுகளிலும் இடமலைக்குடியின் முதுவர் வீடுகளிலும் பேசப்படுவது பாடநூல் தமிழும் அன்று, பாடநூல் மலையாளமும் அன்று. அட்டப்பாடியில் 2017-ல் "நம்மத் பாசை" என்ற பெயரில் பழங்குடிக் குழந்தைகளின் பேச்சுமொழியிலேயே தொடக்கக் கல்வி கற்பிக்கும் முயற்சி தொடங்கியது. அந்த அக்கறை தொடக்கப்பள்ளிப் படியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து வரும் முதல் தலைமுறைக் கல்லூரி மாணவருக்கு ஆங்கில வினாத்தாள் மூன்றாவதோ நான்காவதோ மொழி.

சட்டம் ஏறிவந்து நின்ற படி

மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகள் மாநிலச் சீரமைப்பின் விளைவாகப் பிறந்தவை. 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரிப் பகுதியின் 4 வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் தங்கின. அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தில் 350-ஏ, 350-பி பிரிவுகள் சேர்க்கப்பட்டன. முதலாவது, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யப் பணிக்கிறது. இரண்டாவது, மொழிச் சிறுபான்மையினருக்கெனத் தனி அதிகாரியை நியமிக்க வகைசெய்கிறது. ஒரு பள்ளியில் 40 மாணவர்கள் அல்லது ஒரு வகுப்பில் 10 மாணவர்கள் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் வேண்டும் என்பது 1949-லேயே ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. உயர்நிலைப் பள்ளிக்கு 60, 15 என்ற எண்கள் 1961-ல் முதலமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்டன. கல்லூரிக்கு அத்தகைய எண் எதுவும் வகுக்கப்படவில்லை.

1956-ன் மத்திய அரசுக் குறிப்பாணையில் ஒரு சுவையான அம்சம் உண்டு. சிறுபான்மை மொழியில் கற்பிக்கும் பள்ளி, கல்லூரிகளை, தேவைப்பட்டால், மாநிலத்துக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகளுடன் இணைக்க வழி செய்யலாம் என்று அது கருதியது. பின்னாளில் இந்த வாசல் ஏறத்தாழ மூடப்பட்டது. மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே இயங்கக் கூடாது என்பது 2005-ல் யஷ்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் உறுதிப்பட்ட நிலை. எனவே சித்தூர்க் கல்லூரியைப் பாரதியார் பல்கலைக்கழகத்துடன் இணைப்பது பற்றிய பேச்சு எடுபடாது. அப்படி யாரும் பெரிதாகக் கோரியதாகவும் தெரியவில்லை.

கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள அனுமதிக்கிறது. 2017-ம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கற்பிப்பதைக் கட்டாயமாக்கியது. 2025 அக்டோபரில் கேரளப் பேரவை நிறைவேற்றிய மலையாள மொழி மசோதா காசர்கோடு கன்னடர்களைப் பாதிக்கும் என்று 2026 ஜனவரியில் கர்நாடக அரசு பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்தது. விவாதம் எல்லாம் பள்ளியையும் அரசு அலுவலகத்தையும் சுற்றியே நடந்தது. கல்லூரித் தேர்வு எந்தத் தரப்பின் வாதத்திலும் முக்கிய இடம் பெறவில்லை.

ஒரு கடிதமும் ஒரு வழக்கும்

ஆனால் தில்லியிலிருந்து ஒரு கதவு திறக்கப்பட்டிருக்கிறது. 2023 ஏப்ரலில் யு.ஜி.சி. தலைவராக இருந்த எம். ஜெகதேஷ் குமார் பல்கலைக்கழகங்களுக்கு எழுதிய கடிதத்தில், படிப்பு ஆங்கிலவழியில் நடந்தாலும் மாணவர்கள் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொண்டார். இந்தியைத் திணிக்கும் நோக்கம் இதன் பின்னணியில் உண்டா என்ற ஐயம் தென்மாநிலங்களில் எழுந்தது இயல்பே. ஐயம் ஒருபுறம் இருக்க, கடிதத்தில் உள்ள "உள்ளூர் மொழி" என்ற சொல் எல்லைப் பகுதிக்கு மிக முக்கியமானது. கேரளத்தில் உள்ளூர் மொழி என்றால் மலையாளம் என்று எடுத்த எடுப்பில் பொருள் கொள்ளப்படும். கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் உள்ளூர் மொழி எது என்பதை முடிவு செய்ய வேண்டியவை, தேஞ்ஞிப்பலத்திலும் கோட்டயத்திலும் கூடும் பல்கலைக்கழக அமைப்புகள். கடிதம் வேண்டுகோள்தான், கட்டளையன்று.

அனுமதி அளித்துவிட்டால் போதுமா என்றால், போதாது. நீட் தேர்வின் அனுபவம் இதற்குச் சான்று. 2018-ல் தமிழில் நீட் எழுதிய 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அளிக்கப்பட்ட வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழையானது என்று மார்க்சிஸ்ட் எம்.பி. டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடர்ந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலையில் 196 கருணை மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்து, நவம்பரில் உத்தரவையே ரத்து செய்தது. பிழை என்னவோ தேர்வை நடத்தியவர்களுடையது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இறுதியில் எதுவும் கிடைக்கவில்லை. தாய்மொழியில் தேர்வு என்ற அறிவிப்புக்குப் பின்னால் மொழிபெயர்ப்பாளர்களும் சரிபார்ப்பவர்களும் கலைச்சொல் ஒழுங்கும் இல்லையென்றால், சலுகையே கண்ணியாக மாறும்.

எல்லைக் கல்லூரிகளில் இடர்ப்பாடு வினாத்தாளோடு முடிவதில்லை. விடைத்தாள் யாரிடம் போகும் என்ற கேள்வி அதைவிடக் கடினமானது. விடைத்தாள்கள் மாணவர் அடையாளம் மறைக்கப்பட்டுத் திருத்தும் முகாமுக்குச் செல்கின்றன. தமிழில் எழுதப்பட்ட விலங்கியல் விடைத்தாளைத் திருத்த, விலங்கியலும் தமிழ் எழுத்தும் ஒருசேர அறிந்த ஆசிரியர் வேண்டும். அத்தகையோர் கேரளத்தில் சிலரே. எழுதப்பட்ட மொழியே மாணவர் எந்தப் பகுதியினர் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற ஆட்சேபமும் வரும், அது புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆயினும் எல்லைக்கு இப்பால் கோவையிலும் மதுரையிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. தமிழ்வழியில் பட்டப்படிப்பு நடத்தி, இரு மொழிகளிலும் வினாத்தாள் தயாரித்துப் பழக்கப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கல்லூரியை அடுத்த மாநிலத்தோடு இணைப்பதற்குச் சட்டத் தடை உண்டு. வெளிப் பல்கலைக்கழக ஆசிரியரை வினாத்தாள் அமைக்கவும் விடைத்தாள் திருத்தவும் அழைப்பது உயர்கல்வியில் வழக்கமான நடைமுறை. தாள்களை மின்னணுப் படிமமாக்கித் திரையில் திருத்தும் வசதி பரவிவிட்ட நிலையில், சித்தூர் விடைத்தாள் கோவைக்கு லாரியில் போக வேண்டிய அவசியமும் இல்லை.

உலக அனுபவமும் இதற்குத் துணை நிற்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் ஆங்கிலவழிப் பல்கலைக்கழகம். ஆனால் மொழிப்பாடங்கள் நீங்கலாக, மதிப்பெண்ணுக்குரிய எழுத்துப் பணிகளைப் பிரெஞ்சிலும் சமர்ப்பிக்க மாணவருக்கு உரிமை உண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பின்னிஷ், சுவீடிஷ் இரண்டும் தேர்வு மொழிகள். தொலைவுக்குப் போவானேன், இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப் படிப்புகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் நடந்துவந்துள்ளன. இன மோதலின் உச்ச ஆண்டுகளைக் கடந்தும் அந்த ஏற்பாடு நிலைத்தது.

பத்து மதிப்பெண்ணின் மதிப்பு

எழுத்துத் தேர்வில் மாற்றம் வர ஆண்டுகள் ஆகலாம். அகமதிப்பீட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 20-லிருந்து 30-ஆக உயர்ந்த அந்தப் பங்கு கல்லூரி ஆசிரியரின் கையில் இருக்கிறது. வாய்மொழித் தேர்வு, களப்பணி, ஒப்படைப்பு, செய்முறை விளக்கம் என்று எந்த வடிவத்தையும் அவர் தேர்ந்தெடுக்கலாம். தேவை நெகிழ்ச்சியை மாணவர் தமிழில் வாய்விட்டு விளக்க, தமிழறிந்த ஆசிரியர் மதிப்பெண் இடலாம். பின்னர் அதையே ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதப் பழக்கலாம். சித்தூரில் தமிழ் தெரிந்த பிற துறை ஆசிரியர்கள் கிடைப்பது அரிதன்று.

இங்கேதான் பயிற்சி மாநாடுகள் உதவியிருக்க முடியும். இப்போதைய நிலையில் அகமதிப்பீடு என்பது வகுப்பின் முன் ஆங்கிலத்தில் கருத்தரங்க உரை நிகழ்த்துவது என்றே பல கல்லூரிகளில் பொருள்கொள்ளப்படுகிறது. எழுத்தில் தடுமாறும் மாணவரை மேடையேற்றிப் பேச்சிலும் தடுமாற வைப்பதால், அவருக்குக் கைகொடுக்க வேண்டிய 30 மதிப்பெண்ணே காலை வாருகிறது. மொழிப் பின்னணி வேறுபட்ட வகுப்பில் மதிப்பீட்டை எப்படி அமைப்பது என்று ஒரு பொழுதேனும் பயிற்சியில் பேசப்பட்டிருந்தால், எல்லைப் பகுதி ஆசிரியர்களே நூறு வழிகளைச் சொல்லியிருப்பார்கள். விளைவு அட்டவணையில் பள்ளிப் பயிற்றுமொழி என்று ஒரே ஒரு பத்தியைக் கூட்டினால், சராசரியில் மறைந்த பத்துப் பேர் கண்ணுக்குத் தெரிவார்கள். அதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

எதிர்வாதம் வலுவானது என்பதையும் மறுக்க முடியாது. பட்டதாரிக்கு வேலை தருபவர் ஆங்கிலம் கேட்கிறார். தமிழில் தேர்வெழுத விடுவது மாணவரை ஒரு சிறு வட்டத்துக்குள் அடைத்துவிடும் என்று பல பெற்றோர்களே கருதுகின்றனர். தோட்டத் தொழிலாளர் வீடுகளிலும் ஆங்கிலவழிப் பள்ளி மோகம் வளர்ந்துவருகிறது. அவர்களின் கவலை பொய்யன்று. ஆனால் ஆங்கிலம் வேண்டும் என்றால் அதை ஆங்கிலப் பாடத்தில் கற்பித்து, ஆங்கிலத் தாளில் அளப்பதே முறை. வேதியியல் தாளில் மறைமுகமாக ஆங்கிலத்தை அளந்துவிட்டு, வேதியியல் தெரியாதவர் என்று சான்றிதழ் தருவதால் அவருக்கு ஆங்கிலமும் வந்துவிடாது.

தமிழ்நாடு இவ்விஷயத்தில் அறிவுரை சொல்லும் இடத்தில் இல்லை என்பதும் உண்மை. 2006-ன் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியபோது, இங்குள்ள மலையாளம், தெலுங்கு, கன்னடம், உருது மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கோரி நீதிமன்றப் படியேறினர்; 2023-ல்கூட உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு ஓராண்டு விலக்கை நீட்டித்தது. கூடலூரிலும் குமரி மாவட்டத்திலும் உள்ள மலையாள மாணவருக்கும் சித்தூர்த் தமிழ் மாணவருக்கும் உள்ள சிக்கல் ஒன்றே.

இரு மாநிலங்களும் தில்லிக்கு எதிராகக் கைகோத்த காட்சி அண்மையில் நடந்ததுதான். துணைவேந்தர் நியமனம் பற்றிய யு.ஜி.சி. வரைவு விதிகளுக்கு எதிராக 2025 ஜனவரியில் தமிழ்நாடு, கேரளப் பேரவைகள் அடுத்தடுத்துத் தீர்மானம் நிறைவேற்றின. உயர்கல்வி மாநிலங்களின் உரிமை என்று இரு அரசுகளும் ஒரே குரலில் முழங்கின. அதே ஆண்டு டிசம்பரில் யு.ஜி.சி.யையே கலைத்துப் புதிய ஆணையம் அமைக்கும் மசோதா மக்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. கற்றல் விளைவுகளை வரையறுப்பது அதன் பணிகளில் ஒன்றாக இருக்கும். மொழிச் சிறுபான்மை மாணவரின் மதிப்பீடு பற்றி ஒரு வரி அதில் சேர வேண்டும் என்றால், கேட்க வேண்டிய இடம் அந்தக் கூட்டுக் குழு.

பாரதியார், கோழிக்கோடு பல்கலைக்கழகங்களுக்கு இடையே விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களைப் பரிமாறிக்கொள்ள ஓர் உடன்படிக்கை போதும்; அதற்கு எந்த மசோதாவும் தேவையில்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, பேருந்தில் ஒரு காலைப் பொழுதுக்குள் போய்ச் சேரும் தூரம்.